சிவப்பு அம்பு

மொட்டை மாடியில் ஏழு பெயிண்ட் டப்பா,
ஏழிலும் தக்காளி.
காலை ஆறே காலுக்கு, கம்பெனி வேன் வருமுன்
ஒவ்வோர் இலையையும் வெளிச்சத்துக்குப் பிடிக்கிறேன்,
கையை உள்ளே விட்டு
பனியனை விரித்துப் பார்க்கிற மாதிரி.

பதினாலு வருஷம் செக்கிங்.
ஊசி ஓட்டை, நூல் விட்டது, எண்ணெய்க் கறை,
கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும்.
தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டணும்.
அத்தோடு என் வேலை முடிந்தது,
சரி பண்ணுவது வேறு டேபிள்.

மாடியில் வேறு டேபிள் கிடையாது.
ஆனாலும் பழக்கம் விடவில்லை,
ஒரு ரோல் ஸ்டிக்கர் பையோடு வந்துவிட்டது.

முதல் டப்பாவில், இலைமேல் வெள்ளைக் கோடு.
ஓவர்லாக் பழகுகிற பிள்ளை தைத்தது போல
நெளிந்து நெளிந்து, எங்கேயும் போய்ச் சேராமல்.
தடவினால் மேலே ஒன்றும் இல்லை.
இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே
ஒரு புழு தன் வீட்டைத் தின்றபடியே நடக்கிறது.
கோடு முடிகிற இடத்தில் கட்டை விரலால் ஓர் அழுத்து.
சின்னதாய் ஈரம்.
அம்பு.

"இத்தனூண்டு செடிக்கு இத்தன பாடா?
மார்க்கெட்டுல கிலோ பன்னெண்டு ரூவா."
வாயில் பிரஷ்ஷோடு சென்னியப்பன்.
எண்பதுக்கு வித்த மாசம்
இவர் தக்காளி பேச்சே எடுக்கலை.

மூன்றாவது, சல்லடை.
தின்ற ஆள் பகலில் அகப்படவே இல்லை.
ஓவர்டைம் முடிந்து பதினொன்றரைக்கு
செல்போன் வெளிச்சத்தில் படி ஏறினேன்.
தண்டோடு தண்டாக, பச்சைக்குள் பச்சையாக
மூணு பேர்.
அவங்களுக்கும் ஓவர்டைம்தான்.
குச்சியால் தள்ளி சோப்புத் தண்ணியில் போட்டேன்.
கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

ஐந்தாவதில் விளிம்பு மட்டும் கருகல்.
வேப்பெண்ணெய் அடித்தேன், கேட்கவில்லை.
மோர் தெளித்தேன், எறும்புதான் வந்தது.
புழு இல்லை, முட்டை இல்லை, ஆளே இல்லை.
ஒரு நாள் டப்பா ஓரத்தில் வெள்ளையாய்ப் பூத்திருந்ததை
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பு.
எங்கள் போர் தண்ணி.
நொய்யலில் ஓடின சாயமெல்லாம் போய்விட்டதாம்,
உப்பு மட்டும் இன்னும் ஊட்டைக் காலி பண்ணவில்லை.
அன்றிலிருந்து ஆறு நாளைக்கொரு தரம் வருகிற
குடிதண்ணியில் அரைக் குடம் தக்காளிக்கு.
இதை ஊட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

ஏழாவது.
இலையெல்லாம் கிண்ணம் கிண்ணமாய் மேலே சுருண்டு
மஞ்சளேறி, தொட்டால் மொடமொடவென்று.
உலுக்கினால் மாவு பறந்த மாதிரி வெள்ளை ஈ.
கட்டிங்கில் விழுந்த மஞ்சள் துணியை அட்டையில் சுற்றி
விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டேன்.
நூறு ஈ ஒட்டியது. செடி நிமிரவில்லை.
உரக்கடையில் சுருண்ட இலையை நீட்டினேன்.
கையில்கூட வாங்காமல் சொன்னார்:
"புடுங்கிருங்க. இல்லீன்னா மத்த ஆறும் போயிருமுங்க."

அதில்தான் முதல் காய் இருந்தது,
கோலிக்குண்டு அளவு.

கம்பெனியில் ரிஜெக்ட் என்றால்
பெட்டியில் எறிந்துவிட்டு அடுத்த பீசை எடுப்பேன்.
கை யோசித்ததே இல்லை.
ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க
கை யோசித்தது.
வெயில் ஏறினபிறகு வேரோடு பிடுங்கி
பாலித்தீன் பையில் திணித்து வாயைக் கட்டினேன்.
காயை மட்டும் கிள்ளி சன்னலில் வைத்தேன்.
பழுக்குமா தெரியாது.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் பிள்ளை வந்து நின்றது.
"கலாமணிக்கா, ஸ்டிக்கர்ல ஒரு ரோல் குறையுதே?"

இந்நேரம் பாலக்காட்டுக் காற்று
மாடிக்கு வந்திருக்கும்.
ஆறு செடி, உடம்பெல்லாம் அம்பு,
ஓட்டை விழுந்த இலையும் விழாத இலையும்
ஒரே ஆட்டமாக ஆடிக்கொண்டிருக்கும்.

"தேடிப் பாக்கறேன் கண்ணு" என்று
அடுத்த பனியனுக்குள் கையை விட்டேன்.